‘கூறப்படுகிறது’ என்று வாசிக்காதவர்

காலையில் ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் இருந்தபோது செய்தியாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தத் தகவல் வந்தது: “திருத்தணி கேபிள் டிவி செய்தி வாசிப்பாளர் தணிகாசலம் மாரடைப்பால் காலமானதாகக் கூறப்படுகிறது.” எனக்குத் துக்கத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அந்த மனிதர் ஆயுள் முழுக்கத் தன் வாயால் சொல்ல மறுத்த சொல்லிலேயே அவரை முடித்துவிட்டார்களே! பிறகு அதே சொல்லைப் பிடித்துக்கொண்டு, பொய்யாகத்தான் இருக்கும் என்று நம்பியபடி பொதட்டூர்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன்.

திரையில் பார்த்த உங்களுக்கு அவருடைய கோட்டும் டையும் நினைவிருக்கும். கேமராவுக்குப் பின்னால் நின்ற எனக்கு, மேஜைக்குக் கீழே அவர் கட்டியிருந்த லுங்கியும் தெரியும். கேலி செய்தால், “மேல இருக்கறது சேனலோடது, கீழ இருக்கறது எங்க ஊர்து நைனா” என்பார். அவருக்கு நான் எப்போதும் நைனாதான். எங்கள் பக்கத்தில் அப்பாவும் நைனா, சிநேகிதனும் நைனா.

எழுதிக் கொடுத்த தாளில் ‘கூறப்படுகிறது’ என்று இருந்தால் வாசிக்க மாட்டார். “யார் சொன்னது? சொன்னவனுக்கு வாய் கீது, பேர் இல்லியா?” என்று தாளைத் திருப்பி வீசுவார். ஆடிக் கிருத்திகைக்கு மலையில் இத்தனை லட்சம் பேர் என்று எழுதினால், “நீ எண்ணினியா?” என்பார். ஒருமுறை, “காவடி எடுத்தவர்கள் திரும்பி நிற்கக்கூட இடமில்லை” என்று மட்டும் வாசித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டார். அவரோடு வேலை செய்வது லேசுப்பட்ட காரியமல்ல.

ஒரு சமயம் விசைத்தறிக் கூடம் ஒன்றில் குமார் என்ற இளைஞர் மின்சாரம் தாக்கி இறந்தார். உயிர் போகும்போது ‘நைனா, நைனா’ என்று கத்தியதாகக் கூட இருந்தவர்கள் போலீஸில் சொன்னார்கள். விசாரித்த அதிகாரி தெற்கத்திக்காரர், ஊருக்குப் புதிது. அதை ஓர் ஆளின் பெயர் என்று எடுத்துக்கொண்டார். தறி முதலாளிக்கு அந்தச் சொல் தெரியாததா? வாயை மூடிக்கொண்டார். ‘மின்கம்பியை அஜாக்கிரதையாகக் கையாண்ட நைனா என்பவர் தலைமறைவாகிவிட்டதாகக் கூறப்படுகிறது’ என்று எங்களுக்குக் குறிப்பு வந்தது.

தணிகாசலம் படித்தார். “வண்டிய எடு நைனா” என்றவர், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல் அப்படியே நின்றுவிட்டார்.

குமாரின் தகப்பனார் வீட்டில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “உங்க புள்ள உங்கள இன்னான்னு கூப்புடுவாருங்க?” என்று கேட்டார் தணிகாசலம்.

“நைனான்னுதாங்க.”

“தறிக்கொட்டாயில அந்தப் பேர்ல யார்னா கீறாங்களா?”

“யாருமில்லீங்க. நானு பக்கத்துத் தெருவுலதான் இருந்தேன். தறி ஓடிகினு இருந்துதுங்க. புள்ள கூப்ட்டது காதுல விழல.”

நான் கேமராவைக் கீழே இறக்கிவிட்டேன்.

அங்கிருந்து தறிக்கூடத்துக்குப் போனோம். ஒயர் பிய்ந்து கிடந்ததை முதலாளியிடம் பலமுறை சொன்னதாகத் தொழிலாளர்கள் தங்கள் பெயர் சொல்லிப் பேசினார்கள். மாலையில் தணிகாசலம் வாசித்தார்: “நைனா என்பவர் தலைமறைவாகவில்லை. அவர் இறந்த குமாரின் தந்தை. தன் வீட்டில்தான் இருக்கிறார். மகன் கூப்பிட்டது தன்னைத்தான் என்று அவரே கூறினார்.” கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. மறுபடி எடுக்கலாமா என்று கேட்டேன். “வேணாம். அப்டியே போட்டும்” என்றார். அந்த அதிகாரியே பிறகு குமார் வீட்டுக்குப் போய்த் தகப்பனாரிடம் வாக்குமூலம் வாங்கி, அறிக்கையைத் திருத்தி எழுதினார். வழக்கு முதலாளி மேல் திரும்பியது. ஒயரை மாற்றிய பிறகுதான் அந்தத் தறிகள் மறுபடி ஓடின.

அந்த வாட்ஸ்அப் தகவல் வந்த காலையில், தணிகாசலத்தின் வீட்டு வாசலை நான் நெருங்கும்போதே உள்ளிருந்து “நைனா!” என்று குரல் வந்தது. பழக்கதோஷம், என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று எட்டி நடந்தேன். கூப்பிட்டது அவருடைய மகள். என்னைப் பார்த்ததும், “ஏந்திரி நைனா, உன் கேமராக்காரு வந்துகீறாரு பாரு” என்று அவரை உலுக்கினாள். நான் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பிடிவாதம் ஒன்றுதான். அன்றைய மாலைச் செய்தியை நானே எழுதிக் கொடுத்தேன்: “தணிகாசலம் காலமானார். இதை அவர் மகள் கூறினார். எங்கள் கேமராமேன் நேரில் பார்த்தார்.”