எண்பது டிகிரி என்று எழுதினேன்

கலால் இலாகாவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். பெருமையடித்துக்கொள்ள என்னிடம் நாலைந்து கேஸ் உண்டு. அவற்றை விடுங்கள். இது வெட்கக்கேடான கதை.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மெட்ராஸ் ராஜ்யத்தில் மதுவிலக்கு. எங்கள் மைசூரிலோ சாராயக் கடைகள் ஏலம் போய்க்கொண்டிருந்தன. நான் புரொபேஷனில் இருந்த சப்-இன்ஸ்பெக்டர். சாராயத்தில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கடைகடையாகப் போய்ப் பார்ப்பது வேலை. ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு ஒரு அளவு, தெர்மாமீட்டரை வைத்துச் சூடு. சாராயம் குளிர்ந்தால் கனம் கூடி, தண்ணீர் கலந்ததுபோல அளவு காட்டும்; அதனால் இரண்டையும் அச்சடித்த டேபிளில், அதாவது அட்டவணையில், சேர்த்துப் பார்த்தால்தான் சாராயத்தின் ஸ்ட்ரெங்த் தெரியும்.

நஞ்சன்கூடு பஸ்ஸில் இடிபட்டு என் தெர்மாமீட்டர் உடைந்தது. சொன்னால் மெமோ வரும், புரொபேஷன் நீளும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். சூடு என்ற இடத்தில் குத்துமதிப்பாக எண்பது டிகிரி (அப்போதெல்லாம் ஃபாரன்ஹீட்தான்) என்று எழுதிவந்தேன். வெயில் நாட்களில் அது எப்படியோ ஒப்பேறியது.

ஒரு மார்கழிக் காலையில் மாரப்பனின் கடைக்குப் போனேன். கொள்ளேகால்காரன். அந்த ஊர் அப்போது மெட்ராஸோடு இருந்தது. மதுவிலக்கில் பிழைப்புப் போய், மனைவியோடு இங்கே வந்து, கடையின் பின்கட்டிலேயே குடியிருந்துகொண்டு, கடையை ஏலம் எடுத்த கான்ட்ராக்டரிடம் விற்பனை ஆளாக இருந்தான். கல் தரையில் கிடந்த பீப்பாய்ச் சாராயம் சில்லென்று இருந்தது. நான் வழக்கம்போல எண்பது போட்டேன். ஸ்ட்ரெங்த் குறைவு என்று வந்தது.

"நானு சொட்டுத் தண்ணி கலக்கலீங்க, சாமி," என்றான் மாரப்பன். "முன்னால வந்த ஐயா கண்ணாடிக் குச்சி ரெண்டு வுடுவாருங்க. நீங்க ஒண்ணுதான் வுட்டீங்க."

"நீ எனக்குப் பாடம் எடுக்கறியா?" என்று அதட்டினேன்.

இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "ஏனப்பா, டெம்பரேச்சர் கரெக்டா பாத்தியா?"

"பாத்தேன் சார்."

மாரப்பனின் அனுமதிச் சீட்டு ரத்தானது. கான்ட்ராக்டர் அவனைத் துரத்திவிட்டார்.

பிறகு சொந்தக் காசில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கினேன். குளிர்ந்த ஒரு காலையில் சர்க்கார் டிப்போவின் சாராயத்தையே சோதித்தேன். உண்மையான சூட்டைப் போட்டால் சரியாக இருந்தது. எண்பது என்று போட்டால் அதுவும் குறைவு என்றது. அன்றே இன்ஸ்பெக்டரிடம் ஓடியிருக்க வேண்டும். போகவில்லை. இரண்டு மாதத்தில் கன்ஃபர்ம் ஆனேன்.

அடுத்த வருஷம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது, கரும்பு வண்டியிலிருந்து ஒருவன் இறங்கி வந்து கும்பிட்டான். மாரப்பன்.

"ஐயா சௌக்கியமுங்களா? உங்க மேல வருத்தமில்லீங்க. கருவி பொய் சொல்லாதுங்களே. நானு கலக்கல, அப்ப என்ற பொஞ்சாதிதான் கலந்திருப்பான்னு அடிச்சு, அவ அப்பன் ஊட்டுக்கே தொரத்திட்டனுங்க. இல்லவே இல்லைன்னு காலப் புடிச்சுட்டு அளுதா."

அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். "பஸ் வந்துடுச்சு" என்று ஏறிவிட்டேன். அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்னைக் கண்டாலே பிடிப்பதில்லை.

பிள்ளைகளே, சாமான் உடைந்தால் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மெமோ வந்தால் வரட்டும். நான் எழுதாமல் விட்டதற்கு அடிவாங்கியது நான் இல்லை.