சாக்கு சுற்றிய குழாய்

என் தொழில் என்ன என்று யாராவது கேட்டால், பயப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறேன் என்றுதான் சொல்வேன். கடற்கரையோரம் ஓர் எரிவாயு முனையத்தில் வேலை. கடுங்குளிரில் திரவமாகக் கப்பலில் வந்து இறங்கும் இயற்கை எரிவாயுவைத் தொட்டிகளில் சேர்த்து, மறுபடி வாயுவாக்கிக் குழாய்களில் அனுப்புவார்கள். அந்தக் குழாய்களில் எங்கே துரு பிடிக்கிறது என்று தேடுவது என் பொறுப்பு. குழாயைச் சுற்றிப் பஞ்சு போன்ற காப்பு, அதன்மேல் பளபளக்கும் தகடு. தகட்டின் மூட்டில் ஓர் இடுக்கு இருந்தால் போதும், மழைத் தண்ணீரும் கடற்காற்றின் உப்பும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். எப்போதும் உறைகுளிரில் கிடக்கும் குழாயைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. ஓடும்போது குளிர்ந்து, நின்றால் சூடேறும் குழாய்தான் வியர்த்து வியர்த்து உள்ளுக்குள் அரித்துப்போகும். மேலே தகடு மட்டும் மின்னிக்கொண்டிருக்கும். அதனால் விதிப்படி அங்கங்கே தகட்டை வெட்டித் திறந்து பார்ப்போம். ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டேதான் திறப்பேன். இத்தனை வருடத்தில் அது பழகவே இல்லை.

சொந்த ஊர் போடிப் பக்கம் சிலமலை. அண்ணன் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் சரிவில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கிறார். காய் பறிப்பு மும்முரமாக இருக்கும் மழைக்காலத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவேன். நடுவில் சில வருடங்கள் வேலை என்னைப் போக விடவில்லை. அங்கே கடலும் இல்லை, உப்புக்காற்றும் இல்லை. துருவை நினைக்காமல் நாலு நாள் தூங்கலாம் என்று நினைத்துத்தான் அந்த முறையும் போனேன். ஆனால் மனசு எங்கே சும்மா இருக்கிறது? ஜீப்பு வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் பிரேக்கைப் பற்றிக் கேட்டேன். நான் ஏறினாலே வண்டிக்கு நோவு வந்துவிடுகிறது என்று அண்ணன் சிரித்தார்.

ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்துக்கு எங்கள் பக்கம் ஸ்டோர் என்று பெயர். பறித்த காயைக் கழுவித் தட்டுகளில் பரப்பி, கதவை இறுகச் சாத்திச் சூடேற்றுவார்கள். முன்பு விறகு அடுப்பு இருந்தது. தரைக்குக் கீழே படியிறங்கிப் போகும் ஒரு குழியில் தீ எரியும்; அந்தச் சூடு தகரக் குழாய்கள் வழியே அறைக்குள் சுற்றி வரும். விறகு கிடைப்பது பெரும்பாடானதும் அண்ணன் கேஸுக்கு மாறினார். சிலிண்டர்கள் பின்சுவரை ஒட்டி வெளியே நிற்கும். அங்கிருந்து ஓர் இரும்புக் குழாய் சுவரோரமாக ஓடி, அதே பழைய குழிக்குள் இறங்கி பர்னரில் சேரும்.

எனக்கு அந்தக் குழியைக் கண்டாலே ஆகாது. எங்கள் முனையத்து வாயு சூடேறியதும் மேலே போய்விடும். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தண்ணீரைப் போலப் பள்ளத்தில் தேங்கும். கேஸ் வைத்த வருடமே சொன்னேன். போடியிலிருந்து வந்த மெக்கானிக் குழாய்க்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிச் சோதித்துவிட்டுத்தான் போனார் என்று அண்ணன் என் வாயை அடைத்தார். வருடா வருடம் அப்படிச் சோதிக்க வேண்டும், குழாய் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றும் அதே மெக்கானிக் சொல்லியிருந்தார். அதை மட்டும் அண்ணன் வசதியாக மறந்துவிட்டார்.

நான் போய் இறங்கிய அன்று சாயங்காலம் ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் முனையத்து வாசலில், எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். அதைச் சொல்லிவிட்டு, ஸ்டோர் வாசலில் அண்ணனிடம் கையை நீட்டினேன். பாதி விளையாட்டு, பாதி நிஜம். அவர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

"இது ஒன் கம்பெனி இல்லத்தா. பெட்டிய ஒங்கிட்ட குடுத்துட்டு நா அடுப்ப எதுல பத்தவைக்க?"

மதினியும், சுவரோரம் காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

மறுநாள் காலையில் தூறல் விடவில்லை. கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது மதினி வந்து, அடுப்பு மறுபடியும் அணைந்துவிட்டது, அண்ணன் குழிக்குள் நின்று மல்லுக்கட்டுகிறார் என்றார். மறுபடியும் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். கொஞ்ச நாளாகவே காலை வேளையில் தீ தணிந்து தணிந்து எரிகிறதாம். குளிரில் கேஸ் உறைந்துபோகிறது, அதற்காகத்தான் சிலிண்டருக்கும் குழாய்க்கும் முன்னமே சாக்கு சுற்றிவைத்தோம், அப்படியும் கேட்கவில்லை என்றார். கைக்குழந்தைக்குத் துணி சுற்றியதைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு ஸ்டோரின் பின்பக்கம் போனேன். மதினியும் கூடவே வந்தார். குழாய் நெடுகிலும் பழைய காய்ச் சாக்கு, சணல் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. கூரைத் தண்ணீர் அதன்மேல்தான் சொட்டிக்கொண்டிருந்தது. அடிப்பக்கம் பழுப்புக் கறை வழிந்து சுவரெல்லாம் இறங்கியிருந்தது. சாக்கின் மடிப்புகளில் ஏதோ வெள்ளையாக மின்னியது. தொட்டு நாக்கில் வைத்தேன். கல்லுப்பு.

"அட்டை ஏறுதுல்லத்தா," என்றார் மதினி. "ஈரச் சாக்கப் புடிச்சு ஏறி பொறுக்குற பிள்ளைகமேல விழுகுது. அதான் சாக்கு கட்டுன வருசத்துலருந்து மழை வந்துட்டா காலம்பற ஒரு கை உப்பப் போட்டுருவேன்."

மலையில் அட்டைக்கு உப்பைவிட்டால் வேறு மருந்து கிடையாது. தோட்டத்தில் இறங்குகிறவர்கள் இடுப்பில் ஓர் உப்பு முடிச்சு இல்லாமல் இறங்க மாட்டார்கள். அன்றைக்கு என் இடுப்பிலும் ஒன்று இருந்தது. மலையில் உப்பு இல்லை என்று நிம்மதியாக வந்து இறங்கியவள் நான். கடல் பல வருடம் பாடுபட்டுச் செய்கிற காரியத்தை மதினி தினமும் காலையில் கைநிறைய உப்பை அள்ளிப் போட்டே செய்திருக்கிறார். கோபம் வரவில்லை. அவர் சொன்னது அவ்வளவு நியாயமாக இருந்தது. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

குனிந்து பார்த்தேன். குழாய் குழிக்குள் இறங்கத் திரும்பும் மூட்டில், ஊறிய சாக்கின் மடிப்பில் தண்ணீர் நுரைத்துக்கொண்டிருந்தது. சின்னச் சின்னக் குமிழ்கள் வருவதும் உடைவதுமாக இருந்தன. மெக்கானிக் தடவிய சோப்புத் தண்ணீரின் சோலியை மழையே செய்துகொண்டிருந்தது. மூக்கை இழுத்துப் பார்த்தேன். ஏலக்காய் வாசனையைத் தவிர ஒன்றுமே தெரியவில்லை. கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்று அதில் நாற்றம் கலந்துதான் அனுப்புகிறார்கள். ஆனால் காய் உலரும் ஸ்டோரில் ஒரு ராத்திரி இருந்தவர்களுக்கே மூக்கு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

சிலிண்டர்களின் வால்வுகளைத் திருகி மூடினேன். கை வழுக்கியது, இரண்டு கையாலும் பிடித்துத் திருகினேன். அண்ணன் எங்கே என்று கேட்டேன். நாம் வரும்போதே வேறு தீப்பெட்டி எடுக்கச் சமையல்கட்டுக்குப் போனார் என்று மதினி சொல்லி முடிப்பதற்குள், அவர் மறுபக்கத்திலிருந்து வந்து குழிப் படியில் கால் வைத்தார். கையில் புதுப் பெட்டி. ஏற்கெனவே திறந்துவிட்டிருந்தார்.

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. நிஜமாகவே வரவில்லை. அவர் இறங்கினால் என்ன ஆகும் என்று அந்த இடத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். ஓடிப்போய் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். பொத்தான் தெறித்தது. பெட்டியைப் பிடுங்கி ஈரப் புல்லில் எறிந்தேன்.

"வெளிய வாண்ணே," என்றேன். "குழி பூரா கேஸு."

அவருக்குக் கோபம்தான் வந்தது. கூலிக்கு வந்த பெண்கள் முன்னால் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன் அல்லவா. நான் கேட்கவில்லை. காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களை எழுப்பி, எல்லோரையும் மேட்டுப் பக்கம் ஏற்றிவிட்டேன். லைட் சுவிட்சைத் தொடக் கூடாது, செல்லை எடுக்கக் கூடாது, ஜீப்பைக் கிளப்பக் கூடாது என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். மேட்டில் பலாமரத்தடியில் நின்று எல்லோரும் ஸ்டோரையே பார்த்தோம். அது எப்போதும் போலத்தான் இருந்தது. நடுவில் ஒரு முறை அண்ணன், தட்டில் இருக்கும் காய் பச்சை மங்கிவிடும், வெரசாக அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்று முணுமுணுத்தார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காற்று நன்றாக அடித்து, மத்தியானம் தாண்டிய பிறகுதான் அவரைக் கீழே கூட்டிப்போனேன். சணலை அறுத்துச் சாக்கை உரித்தேன். மஞ்சள் பெயிண்ட் தோலாக உரிந்து சாக்கோடு வந்தது. குழாய் திரும்பும் மூட்டை அண்ணன் இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். பலம் ஒன்றும் கொடுக்கவில்லை. அது உடைந்து அவர் கையோடு வந்துவிட்டது.

பின்னாலேயே வந்திருந்த மதினி சுவரோரம் இருந்த உப்புச் சட்டியை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். அது உங்கள் தப்பு இல்லை மதினி என்றேன்.

அண்ணன் கையிலிருந்த துண்டைப் பார்த்துக்கொண்டே குழியின் மேல்படியில் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"காலைல நா அதுக்குள்ள எறங்கி நின்னு, இருந்த குச்சி அம்புட்டையும் கிழிச்சுப் பாத்துட்டேன்த்தா. தூறல்ல பெட்டி நமுத்துப்போச்சு. ஒண்ணுகூடப் பத்தல. கடைக்காரன வஞ்சுக்கிட்டேதான் ஏறி வந்தேன்."

பொத்தான் தெறித்த சட்டையின் பையிலிருந்து அந்தப் பழைய பெட்டியை எடுத்தார். ஓரம் கரைந்து குழகுழவென்று இருந்தது. முனையத்து வாசலில் நீட்டுவார்களே, அப்படி என்னிடம் நீட்டினார். அதை வாங்க என் கை எழவில்லை.