காணாமல் போன ஒரு முழ அழுக்கு

என் அத்தையின் கணவர், அதாவது எங்கள் மாமா, துணி ஆலையின் வாசலில் பை சோதிப்பவர். வேலை முடிந்து வெளியே வருகிறவர்களை முகத்தைப் பார்த்து அவருக்கு அடையாளம் தெரியாது. பையைப் பார்த்தால் பரம்பரையே சொல்லுவார். இருபத்திரண்டு வருஷமாக ஒரே வசனம், பாதி மூக்கில், பாதி தொண்டையில்: "நில்லு. ஜிப்பைத் தொற." கல்யாணமான புதிதில் அத்தை பிறந்த வீட்டுக்குக் கிளம்பியபோதும் பழக்கதோஷத்தில் இதைச் சொல்லிவிட்டாராம். அத்தை ஜிப்பையும் திறக்கவில்லை, இரண்டு வாரம் வாயையும் திறக்கவில்லை.

மாமா நம்புவது ஒன்றே ஒன்றை, அவருடைய கருநீலக் காரை. ஏழு பேர் உட்காரும் நெட்டைக் கார். உட்காருவது பெரும்பாலும் மாமா மட்டும்தான்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாசலில் கழுவல் ஆரம்பமாகும். ஒரு வாளியில் ஷாம்பூ தண்ணீர், இன்னொன்றில் துணி அலச வெறும் தண்ணீர். வேடிக்கை பார்க்க நின்றால் பாடம் வேறு நடக்கும்.

"தலையில ஆரம்பிக்கணும். அழுக்கு கீழதான் எறங்கும், மேல ஏறாது. புரியுதா?"

புரிந்தது. சிக்கல் அந்தத் தலையில்தான். மாமா ஐந்தடியைத் தொட ஓர் அங்குலம் பாக்கி. இந்தப் பக்கம் குதிகாலை எக்கித் துடைத்தாலும் கை நடுவுக்கு எட்டாது, அந்தப் பக்கமும் அதே கதை. முன்கண்ணாடியிலிருந்து பின்கண்ணாடி வரைக்கும் ஒரு முழ அகலத்துக்குத் துணியே படாத அழுக்கு. ஸ்டூல் போட்டு ஏறலாம்தான். தெருவே பார்க்க மாமா ஸ்டூலில் ஏறுவாரா? கல்யாண போட்டோவிலேயே அத்தையை நாற்காலியில் உட்காரவைத்து, தான் நின்றுகொண்டவர்.

நாங்கள் அதே வீட்டில் மேல்மாடியில் இருக்கிறோம். எங்கள் சமையலறை ஜன்னலில் நின்றால் அந்தக் கோடு தெரியும். பதினோரு வருஷமாகத் தெரிகிறது. யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அது தனக்கு மட்டும்தான் தெரியும் என்பது மாமாவின் எண்ணம். எண்ணிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

போன மாதம் ஒரு ஞாயிறு, காய்ந்த துணிகளை எடுக்க மாமா மொட்டைமாடிக்கு வந்தார். வழக்கம்போலக் கீழே எட்டிப் பார்த்தார். கோட்டைக் காணோம்.

இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினார். நான் பின்னாலேயே போனேன். காரை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுச் சமையலறை வாசலில் போய் நின்றார்.

"யாரோ வண்டியைத் தொட்டிருக்காங்க."

"என்ன காணோம்?" என்றாள் அத்தை.

மாமா காரைத் திரும்பிப் பார்த்தார். காணாமல் போனது அழுக்கு. அதை எந்த வாயால் சொல்வது?

"என்னமோ காணோம். எனக்குத் தெரியும்."

அத்தை குக்கர் மூடியைத் தேடுகிறவள்போலத் திரும்பிக்கொண்டாள். மூடி அவள் கையில்தான் இருந்தது.

விசாரணை காருக்குள் போனது. இருக்கை நகர்ந்திருக்கிறதா, கண்ணாடி திரும்பியிருக்கிறதா என்று பார்த்தார். ஸ்டியரிங்கை முகர்ந்தார். கிலோமீட்டர் எண்ணைப் பார்த்து, தான் குறித்துவைத்திருந்த சீட்டோடு ஒப்பிட்டார்.

"சரியாத்தானே இருக்கு மாமா? அப்போ யாரும் எடுக்கல."

"நீ சின்னப் புள்ள. போகும்போதும் ரிவர்ஸ், வரும்போதும் ரிவர்ஸ். நம்பர் எப்படி ஏறும்?"

ஊருக்குள் ஒருவன் பின்பக்கமாகவே போய்ப் பின்பக்கமாகவே வந்ததைக் கற்பனை செய்தேன். சிரிப்பு வந்தது. அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் நின்றுவிட்டது.

"எடுத்தவன் அழுக்காக்கியிருக்கான். அதை மறைக்கக் கழுவியிருக்கான். ஆளு உசரம்."

இந்த வீட்டில் உயரமான ஆண் என் அப்பாதான். செவ்வாய்க்கிழமைதான், மறுநாள் அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகக் கார் கேட்டிருந்தார். "டயர்ல காத்து கம்மி மாப்ள" என்று மாமா கையை விரித்திருந்தார்.

முன்பு ஒரு டார்ச் லைட் காணாமல் போய் இவர்கள் இருவரும் எட்டு மாதம் பேசிக்கொள்ளவில்லை. மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் இடையே தபால்காரியாக ஏறி இறங்கி அத்தைக்கு முழங்கால் போனதுதான் மிச்சம். டார்ச் கடைசியில் மாமாவின் கட்டிலடியில் கிடந்தது.

அப்பா டீ டம்ளரோடு இறங்கி வந்தார்.

"மாப்ள, கையைத் தூக்கு."

என்ன ஏதென்று கேட்காமல் அப்பா தூக்கினார். மாமா தோளிலிருந்து விரல் நுனி வரை ஆலை வாசல் பார்வை பார்த்தார்.

"ம். எட்டும்."

"என்ன அத்தான் எட்டும்?"

"புதன்கிழமை எதுல போனீங்க?"

"ஆட்டோல."

"ஆட்டோக்காரன் குட்டையா, நெட்டையா?"

அப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. காது சிவந்தது.

"அத்தான், நான் உங்க ஆலையில வேலை பாக்கல. வண்டி இல்லேன்னீங்க, சரின்னு போயிட்டேன். திருடித்தான் ஓட்டணும்னு எனக்குத் தலையெழுத்தா?"

டம்ளரைப் படியில் வைத்தார். பாதி டீ இருந்தது. டார்ச் சண்டையும் இப்படித்தான் பாதி டீயில் ஆரம்பித்தது.

ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி அத்தை வெளியே வந்தாள்.

"ஏங்க, அவனை விடுங்க. நான்தான் தொடைச்சேன்."

"எதை?"

"நடுவுல இருந்ததை."

மாமாவின் கழுத்து மெதுவாக அத்தையை நோக்கி நிமிர்ந்தது. அவள் அப்பாவின் அக்காதானே. அதே உயரம்தான். வண்டி ஓட்டத் தெரியாது என்பதால் அவள் பெயர் சந்தேகப் பட்டியலிலேயே வரவில்லை.

"எதிர்வீட்டு மாடிக்குப் புதுசா வந்த பொண்ணு, 'என்னக்கா, உங்க கார் மேல பாய் விரிச்சு எடுத்த மாதிரி இருக்கே'ன்னு கேட்டுச்சு. ஊர்ல எவளோ உங்களைப் பாத்துச் சிரிக்கிறதா? வியாழக்கிழமை நீங்க வேலைக்குப் போனதும் தொடைச்சுட்டேன்."

மாமா அத்தையைப் பார்த்தார், எங்கள் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன்.

"அது அழுக்கில்ல," என்றார் கடைசியில். "சீல். வேணும்னேதான் விட்டு வெச்சிருந்தேன். எவனாச்சும் தொட்டா தெரியணும்ல?"

"பதினோரு வருஷமாவா?"

"சீலுன்னா சீலுதான்."

"சரிங்க. இன்னிக்குப் புடிச்சுட்டீங்களே."

அப்பாவின் மூக்கிலிருந்து சிரிப்பு முதலில் வந்தது, வாயிலிருந்து பிறகு. மாமா குனிந்து டம்ளரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"ஆறிடுச்சு மாப்ள. வேற போடச் சொல்றேன். அடுத்த தடவை டாக்டர்கிட்ட எப்போ போகணும்?"

"இருபதாம் தேதி."

"டயர்ல காத்து இப்போ சரியாத்தான் இருக்கு."

அவர் பாஷையில் மன்னிப்பு என்றால் அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு மாமா நான்கு பக்கமும் துடைத்தார். துணியை அலசிப் பிழிந்து, மடித்து, கூரை ஓரத்தில் வைத்தார். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனவர் நான்கு சொம்பு குடிக்கும் நேரம் எடுத்துக்கொண்டார். அத்தை வாசலுக்கு வந்தாள், துணியை எடுத்துக் கூரை நடுவுக்குக் கையை நீட்டினாள், போனாள்.

மாமா திரும்பி வந்து துணி இருந்த இடத்தைப் பார்த்தார். அது இப்போது வாளி விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தியா?" என்றார் என்னிடம், அதே மூக்கில், அதே தொண்டையில். "யாரோ தொட்டிருக்காங்க."