மணையில் உட்காராதவனின் பெயர்

என் மகளின் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் எங்கள் வீட்டில் 'சாஸ்திரம்' என்ற சொல் இருபத்துமூன்று முறை சொல்லப்பட்டது. எண்ணினேன், எண்ணுவது என் வியாதி. கட்டளையிடுவது, கற்பிப்பது என்று பொருள் தரும் வடமொழி வேரிலிருந்து வந்த சொல் அது. கட்டளை என்றால் அதை யாராவது எங்காவது இட்டிருக்க வேண்டும். யார், எங்கே என்று எங்கள் நெசவாளர் தெருவில் யாரும் கேட்பதில்லை. செவ்வாய்க்கிழமை தறியிலிருந்து கூறைப்புடவையை அறுக்கக் கூடாது என்றால் சாஸ்திரம். புறப்படும்போது ஒருவர் தும்மினால் அதற்கும் சாஸ்திரம். எந்த வீட்டிலும் அந்தப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை.

அந்த இருபத்துமூன்றில் ஒன்று என்மேல் விழுந்தது. நான் மனைவியை இழந்தவன். மகளை என் கையால் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதைத் தவிர அந்தக் கல்யாணத்தில் நான் வேறெதுவும் கேட்கவில்லை.

"பொண்டாட்டி இல்லாதவன் மணையில குந்தறதுக்கு சாஸ்திரத்துல இடமில்லடா. தம்பியும் அவன் பொண்டாட்டியும் குந்தட்டும்" என்றாள் அக்கா.

"எந்த சாஸ்திரத்துல?"

"எல்லாத்துலயும்தான். அத்தினி வருஷம் பள்ளிக்கூடத்து வாத்தியாரா இருந்துக்கினு இதுகூடத் தெரியலியா?"

கல்யாணம் செய்துவைக்கப் போகும் ஐயரிடமே போய்க் கேட்டேன்.

"தாராளமா உக்காரலாம் சார். அம்மா இடத்துல ஒரு தர்ப்பை முடிச்சு வெச்சுட்டாப் போதும். ஆனா உங்க வீட்டுப் பெரியவங்க வேணாம்னா நான் குறுக்க வரமாட்டேன்."

ஜெயித்துவிட்டதாக நினைத்து வீட்டுக்கு வந்தேன். மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"விட்டுடுப்பா. நாளைக்கு எனக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட, அன்னிக்கு உங்கப்பா உக்காந்ததாலதான்னு மாமியார் வீட்ல சொல்வாங்க. எனக்கு டென்ஷன் வேணாம்பா."

அவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பயம் மட்டும் இருந்தது. அந்த வீட்டில் வாழப் போகிறவள் அவள்.

முகூர்த்தத்தன்று மண்டபத்தின் கடைசி வரிசையில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் புருஷன் போனதிலிருந்து எல்லாக் கல்யாணங்களிலும் அவளுக்கு அதுதான் இடம். யாரும் சொல்லாமலே போய் உட்கார்ந்துகொள்வாள்.

மேளம் நின்றது. இன்னாருடைய கொள்ளுப்பேத்தி, இன்னாருடைய பேத்தி, இன்னாருடைய மகள் என்று ஐயர் மைக்கில் வம்சம் சொன்னார். தாத்தா, அப்பா, மூன்றாவதாக நான். முறைப்படி மூன்று தரம் சொன்னார்.

அக்கா முழங்கையால் இடித்தாள். "உன் பேருதாண்டா சொல்றாரு."

"கேட்டுக்கினுதான் இருக்கேன்."

மேடையிலிருந்து ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பி மனைவி செம்பைச் சாய்த்தாள். தம்பியின் கை வழியாகத் தண்ணீர் என் மகளின் கையில் விழுந்தது.