ஒரு வார்த்தை பேச ஆண்டவர் குடுத்த குரல்

சகோதரங்களே, எழும்பி நின்னு சாட்சி சொல்லத்தான் ஆசை. இன்னைக்குக் குளிரு காலைப் பிடிக்குது. அதனால பெஞ்சுல உக்காந்தே சொல்றேன். என் சத்தம் சின்னது. பின்னால இருக்கவங்க கொஞ்சம் முன்னுக்கு வாங்க.

என் பேரு எஸ்தர். வட்டவளைக்கு மேல இருக்கிற தோட்டத்துல கொழுந்து பறிச்சவ. என் வீட்டுக்காரர் தேவசகாயம், பேக்டரியில கொழுந்து வாட்டுற மாடியில வேலை. எங்களுக்கு ஒரே மக, கட்டிக் குடுத்துட்டோம், கந்தப்பளையில இருக்கா. லயத்து வீட்டுல இப்ப நாங்க ரெண்டு பேருதான்.

எழுபத்தொன்பதாம் வருஷம் பெருமழைக் காலத்துல என் வலது கைக் கட்டைவிரல் தானா ஆட ஆரம்பிச்சுச்சு. குளிருன்னு நெனச்சேன். வெயில் காலம் வந்தும் ஆட்டம் நிக்கல. கொழுந்து பறிக்க விரல் வேகமா ஓடணும், உங்களுக்குத் தெரியாததா? என் விரல் ஓடல. தளிரைப் பிடிச்சா கிள்ள முடியல, கிள்ளுனா கூடையில போட முடியல. மத்தவங்க நிரை முடிச்சு மேல ஏறிடுவாங்க. நான் பாதியில நிப்பேன். கங்காணி என்னையத் திட்டியிருந்தாகூட பரவாயில்ல. அவரு திட்டல. ஒருநாள் காலையில பேர் குடுக்கிற பெரட்டுல வச்சு, "எஸ்தரு, நீ இனிமே வயசானவங்க நிரைக்குப் போ" ன்னாரு. எனக்கு அப்ப நாப்பத்தஞ்சுகூட ஆகல. அன்னைக்கு மழைத் துணிய முகத்துல போட்டுக்கிட்டு அழுதேன்.

கண்டிக்குப் போனோம். அங்க நரம்பு வருத்தம் பாக்குற டாக்டர், சிங்களவர், ஆனா தமிழ் பேசுவாரு. நடக்கச் சொன்னாரு, விரலைத் தட்டச் சொன்னாரு, கைய மடக்கி நீட்டிப் பாத்தாரு. பார்க்கின்சன் நோயின்னாரு. "அம்மே, இது சாகிற வருத்தம் இல்ல. ஆனா கூடவே இருக்கும்" ன்னாரு. மாத்திரை குடுத்தாரு. அந்த மாத்திரை எனக்கு ஒரு புது உடம்பு குடுத்த மாதிரி இருந்துச்சு. மறுபடி மலைக்கு ஏறினேன். ரொட்டி தட்டினேன். கோயில்ல பாட்டுப் புத்தகத்தை ஆடாம பிடிச்சேன்.

சில வருஷம் அப்படிப் போச்சு. எண்பத்தி நாலாம் வருஷம் அந்த மாத்திரையோட சக்தி குறைய ஆரம்பிச்சுச்சு. காலையில போட்டது மத்தியானச் சங்கு ஊதுறதுக்கு முன்னாலயே தீந்துபோகும். உடம்பு மரக்கட்டை. நடந்துகிட்டே இருப்பேன், திடீர்னு பாதம் தரையில ஒட்டிக்கும். உங்கள்ல பல பேரு பாத்திருக்கீங்க. ஒரு ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வெளிய வரும்போது கோயில் வாசப்படியில நின்னுட்டேன். முன்னுக்கும் போக முடியல, பின்னுக்கும் போக முடியல. பின்னால சபை முழுக்க நிக்குது. என் புருஷன் என்னைய ஒரு மூட்டையத் தூக்குற மாதிரித் தூக்கி வெளிய வச்சாரு. வீட்டுக்கு வந்து, "இனிமே கோயிலுக்கு வரல" ன்னுட்டேன். "ஆண்டவரே, என்னைய எடுத்துக்கங்க" ன்னும் கேட்டேன். அதையும் மறைக்காம சொல்றேன்.

திரும்பக் கண்டிக்குப் போனோம். டாக்டர், பழைய மாத்திரைய நிறுத்தாம அதோட கூட இன்னொரு புது மாத்திரை எழுதினாரு. அவரு சொன்னத நான் மனசுல நல்லாப் பதிச்சுக்கிட்டேன். வீட்டுக்காரர் மருந்து வாங்க வரிசையில நிக்கப் போயிருந்தாரு, அதனால நான் மட்டுந்தான் கேட்டேன்.

"அம்மே, இது நல்ல மருந்து. ஆனா அவசரம் காட்டக் கூடாது. முதல்ல பாதி. கொஞ்ச நாள் பாத்து முழுசு. வெறும் வயித்துல போட வேணாம். படுக்கையில இருந்து டக்குனு எழும்பினா தலை சுத்தி விழுவீங்க. உக்காருங்க, காலைத் தரையில வைங்க, அப்புறம் எழும்புங்க. ஹெமின், ஹெமின்." மெதுவா, மெதுவான்னு சிங்களத்துல சொன்னாரு. "வாந்தி வந்தா கண்ட வாந்தி மருந்தையும் எடுக்காதீங்க. சிலது இந்த வருத்தத்தைக் கூட்டிப்போடும். யாரு மருந்து குடுத்தாலும் முதல்ல உங்க வருத்தத்தைச் சொல்லுங்க. என்ன ஆனாலும் நீங்களா நிறுத்தாதீங்க. என்கிட்ட கேளுங்க."

கேக்குறேன்னு அவருக்கு வாக்குக் குடுத்தேன்.

பாதி மாத்திரையில நல்லாத்தான் இருந்துச்சு. வாசல்ல கால் ஒட்டுறது குறைஞ்சுது. முழுசாக்கின பிறகுதான் தொல்லை. ஒருநாள் மலைத் தண்ணி விழுற பீலியில தண்ணி பிடிக்கக் குனிஞ்சு நிமிந்தேன். கண்ணு இருட்டிருச்சு. விழுந்தது மட்டும் தெரியும். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா ஓடி வந்து தூக்குனா. நெத்தியில வெட்டு. அதுக்கப்புறம் குமட்டல். சோத்தைப் பாத்தாலே வயிறு பிரட்டும்.

அந்த நேரத்துல ஒரு சகோதரர் வீட்டு ஜெபத்துக்கு வந்தாரு. வேற சபை. நல்ல மனுஷன், எனக்காகக் கண்ணீரோட ஜெபிச்சவரு. ஜெபம் முடிஞ்சு சொன்னாரு: "தங்கச்சி, மாத்திரை உங்களைக் கீழ தள்ளுது பாத்தீங்களா? எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு விசுவாசத்துல நில்லுங்க. ஆண்டவர் பாத்துக்குவாரு."

அவரு போன பிறகு என் புருஷன் மாத்திரை டப்பாவை எடுத்து டிரங்குப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டாரு.

"அத எடுத்துக் குடுங்க" ன்னேன்.

"வேணாம் புள்ள. நீ விழுந்து கெடந்தத நான் பாத்தேன். அந்த அண்ணன் சொல்றதும் சரிதானே?"

"ஆண்டவருக்கு என்னையச் சுகமாக்க மனசிருந்தா, மாத்திரை முழுங்கின வாயோடவே சுகமாக்குவாரு. நானா நிறுத்த மாட்டேன். டாக்டருகிட்ட கேக்காம கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நாளைக்குக் கண்டிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"இந்த மழையிலயா? ரெண்டு நாளா ரயில் இல்ல. பாதையில மண்ணு சரிஞ்சு கெடக்கு."

"பாதை திறக்கிற வரைக்கும் அந்த டப்பா என் கையில இருக்கட்டும்."

அவரு சாவியைத் தந்தாரு. எனக்குப் பெட்டியத் திறக்கக் கை வரல. அவரே திறந்து குடுத்தாரு. அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் முழங்கால்ல நின்னு ஒரே ஜெபந்தான் பண்ணுனோம். "ஆண்டவரே, எங்களுக்கு இந்த மருந்து தெரியாது. வைத்தியம் தெரியாது. வழி தப்பிப் போகாம எங்களைப் பிடிச்சுக்கங்க."

மறுநாள் வாந்தி நிக்கவே இல்ல. குடிச்ச தேத்தண்ணியும் தங்கல. பழைய மாத்திரையும் வெளிய வந்துருச்சு. உடம்பு விறைச்சுப்போச்சு. என் புருஷன் பேக்டரிக்குப் போயிருந்தாரு. பேச்சியம்மாவும் அவ மருமகளும் என்னைய நாற்காலியில வச்சுத் தூக்கிட்டுத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனாங்க.

அங்க மருந்து குடுக்கிற டிஸ்பென்சர் ஐயா அந்த மாசந்தான் புதுசா வந்தவரு. என் வருத்தம் அவருக்குத் தெரியாது. பேச்சியம்மா பதட்டத்துல, "வாந்தி ஐயா, நிக்கவே மாட்டேங்குது" ன்னு மட்டும் சொன்னா. அவரு உடனே ஊசியைக் கொதிதண்ணியில இருந்து எடுத்தாரு. "ஒரு வாந்தி ஊசி போட்டா சரியாயிடும்" ன்னாரு. அவரு மேல குத்தம் இல்ல. வாந்தி எடுக்கிற எல்லாருக்கும் போடுற ஊசிதான்.

எனக்கு டாக்டர் சொன்னது ஞாபகம் வந்துச்சு. சொல்லப் பாத்தேன். வாய் அசைஞ்சுது, சத்தம் வரல. இந்த வருத்தம் குரலையும் தின்னும், தெரியுமா? உள்ளுக்குள்ள கத்துறேன், வெளிய மூச்சுதான் வருது. பேச்சியம்மா குனிஞ்சு, "என்னா சொல்ற எஸ்தரு?" ன்னு கேட்டா. அவ காதுக்கும் கேக்கல. "பயப்படுறா போல" ன்னு சொல்லி என் கையப் பிடிச்சுக்கிட்டா. டிஸ்பென்சர் ஐயா என் சட்டைக் கையை மேல ஏத்திப் பஞ்சால துடைச்சாரு. அந்தக் குளிர்ச்சி இப்பவும் தோள்ல இருக்கு.

அப்ப நான் கேட்டேன். "ஆண்டவரே, சுகம் கேக்கல. ஒரே ஒரு வார்த்தை. அதுக்கு மட்டும் குரல் குடுங்க."

"வேணாம்."

அந்தச் சத்தம் அந்த அறையில மோதித் திரும்பிச்சு. எனக்கே அது என் குரல்னு தெரியல. பேச்சியம்மா கையை விட்டுட்டா. டிஸ்பென்சர் ஐயா அப்படியே நின்னாரு.

"ஊசி வேணாம் ஐயா. எனக்குப் பார்க்கின்சன். கண்டி டாக்டர்கிட்ட கேளுங்க."

அவ்வளவுதான். மறுபடி குரல் போயிருச்சு. ஆனா அது போதும். அவரு ஊசியைத் தட்டுல வச்சாரு. கோவிக்கல. "வேற என்ன மருந்து குடிக்கிறாங்க?" ன்னு கேட்டாரு. பேச்சியம்மா மருமகள் லயத்துக்கு ஓடிப்போய் டப்பாவைக் கொண்டு வந்தா. ஐயா ரெண்டு மாத்திரையையும் பாத்துட்டு, மழையில நனைஞ்சுகிட்டே ஆபீசுக்குப் போய்க் கண்டிக்கு டெலிபோன் போட்டாரு. மண்ணு சரிஞ்ச அந்த நாள்லயும் லைன் கிடைச்சுது. டாக்டரும் அந்த நேரம் ஆஸ்பத்திரியிலயே இருந்தாரு.

திரும்பி வந்த ஐயா என் பக்கத்துல உக்காந்து மெதுவாச் சொன்னாரு. "அம்மா, நீங்க தடுத்தது நல்லதாப்போச்சு. அந்த ஊசி உங்களுக்கு ஆகாதாம். உடம்பை இன்னும் இறுக்கியிருக்குமாம். புது மாத்திரைய மறுபடி பாதியாக்கச் சொன்னாரு, சாப்பிட்ட பிறகுதான். ஒரேயடியா நிறுத்த வேணாமாம். பாதை திறந்ததும் வரச் சொன்னாரு." அன்னைக்கு முழுக்க என்னைய அங்கேயே வச்சிருந்து, சேலைன் ஏத்தி, கஞ்சித் தண்ணியைக் கரண்டி கரண்டியா ஊட்டச் சொல்லிப் பாத்துக்கிட்டாரு. சாயங்காலம் என் புருஷன் ஓடி வந்தப்ப நான் எழும்பி உக்காந்திருந்தேன். அவரு என் காலைப் பிடிச்சுக்கிட்டாரு.

பாதை திறந்ததும் கண்டிக்குப் போனோம். டாக்டர், "நீங்க குடிக்கிற மாத்திரை எல்லாத்தையும் மேசையில வைங்க. எல்லாம்" ன்னாரு. ஹட்டன்ல வேற ஒரு டாக்டர் பிரஷருக்குக் குடுத்த, நான் தனியா வச்சிருந்த மாத்திரையும் அதுல இருந்துச்சு. அத எடுத்துக் காட்டி, "புது மருந்தும் பிரஷரை இறக்கும், இதுவும் இறக்கும். ரெண்டும் சேந்துதான் உங்களைப் பீலியில தள்ளிச்சு" ன்னாரு. பிரஷர் மாத்திரையைக் குறைச்சாரு. புது மாத்திரையைப் பாதியிலயே ரொம்ப நாள் வச்சு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டினாரு. குமட்டலுக்கு எனக்கு ஆகிற வேற மருந்து குடுத்தாரு.

அதோட எல்லாம் முடிஞ்சுதுன்னு சொன்னா பொய். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் கூட்டினப்ப எனக்குக் கட்டிலுக்கு அடியில கோழி நடக்கிறது தெரிஞ்சுது. எங்க வீட்டுல கோழியே கிடையாது. பேச்சியம்மா மந்திரிக்கணும்னா. சொன்னா பைத்தியம்னு நெனப்பாங்களோன்னு எனக்கும் கூச்சம். ஆனா வாய் குடுத்தவரு பேசத்தானே குடுத்தாரு? டிஸ்பென்சர் ஐயாகிட்ட போய், "ஐயா, எனக்குக் கோழி தெரியுது" ன்னேன். அவரு சிரிக்கல. கண்டிக்குப் பேசினாரு. மாத்திரையைக் குறைச்சாங்க. கோழியும் போயிருச்சு.

சகோதரங்களே, என் நோய் போகல. இந்தக் கை இப்பவும் ஆடுது, பாருங்க. ஆனா நான் மறுபடி ஆராதனைக்கு வரேன். காலையில நானே எழும்பி, நானே தேத்தண்ணி ஊத்துறேன். மலைக்குப் போக முடியாது, அதனால மலைக்குப் போறவங்க பிள்ளைங்களை விட்டுட்டுப் போற பிள்ளைக் காம்பராவுல சின்னப் பிள்ளைங்களைத் தூங்க வைக்கிறேன். ஆடுற கைக்குப் பிள்ளைங்க சீக்கிரம் தூங்குதுங்க. என் புருஷன் மாத்திரை நேரத்துக்கு மணி பாக்குறாரு. அந்த டிரங்குப் பெட்டியில இப்ப வெறும் துணிதான் இருக்கு. அந்தச் சகோதரர் மேலயும் எனக்குக் கசப்பு இல்ல. போன கிறிஸ்மஸுக்கு வந்தாரு. சாப்பிட்ட பிறகு நான் மாத்திரை போட, அவரே தண்ணி எடுத்துக் குடுத்தாரு.

என் ஜெபத்துக்குப் பதில் வந்துச்சு. வாசல்ல நின்னு வெளிச்சமா வரல. ஒரு டாக்டரோட அறிவாவும், ஊசியைக் கீழ வச்ச ஒரு மனுஷனோட பொறுமையாவும், என் நெஞ்சுக்குள்ள இருந்து வந்த ஒரு வார்த்தையாவும் வந்துச்சு. எல்லாம் அவரு அனுப்பினதுதான். அவருக்கே மகிமை.

உங்கள்ல யாருக்காவது வருத்தம் இருக்கும். மருந்து ஒத்துக்கலன்னு யாருக்கும் சொல்லாம நிறுத்தியிருப்பீங்க. இல்ல, சீக்கிரம் சுகம் வேணும்னு கூடுதலாப் போட்டிருப்பீங்க. வெக்கப்படாதீங்க. முதல்ல ஜெபம் பண்ணுங்க. பண்ணிட்டுப் போய்க் கேளுங்க. தனியாப் போகப் பயமா இருந்தா என் லயத்துக்கு வாங்க, நானும் கூட வரேன். நடக்க நேரமாகும், ஆனா வந்து சேந்துருவேன்.