ஷாக் அப்சர்பரும் நாத்தனார் கல்யாணமும்

இரும்பு வேலையில் இரண்டே வகை ஆட்கள்: பூட்டுகிறவர்கள், கழற்றுகிறவர்கள். நான் பூட்டுகிற வகை. ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கார் அச்சு பூட்டும் லைனில் இடதுபக்க ஸ்டேஷன் என்னுடையது. புது போல்ட், புது நட், பளபளவென்று வரும். ஏற்றி அனுப்பிவிட்டால் என் கடமை முடிந்தது. கழற்றுகிறவன் படும் பாடு என்னவென்று, எங்கள் சொந்தக் காரின் பின்பக்க ஷாக் அப்சர்பர்களை வீட்டு வாசலிலேயே மாற்றப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. வாரமெல்லாம் கம்பெனியில் ஸ்பேனர் பிடித்துவிட்டு, லீவு நாளிலும் வீட்டில் ஸ்பேனர் பிடிக்கும் பாவப்பட்ட ஜீவன்களே, நம் கதையைக் கேளுங்கள்.

டாக்டர் போட்ட ஒரே நிபந்தனை

என் வீட்டுக்காரர் சேவியருக்கு முதுகில் டிஸ்க் ஆபரேஷன் ஆகி, மெல்ல மெல்ல எழுந்து நடமாடிக்கொண்டிருந்த நேரம். அவருடைய ஒரே தங்கை ரீட்டாவுக்கு மத்தூரில் புதன்கிழமை கல்யாணம். மாமனார் இப்போது இல்லை. மாதா கோயில் வாசலிலிருந்து பீடம் வரை பெண்ணைக் கைப்பிடித்து அழைத்துப் போக வேண்டியது அண்ணன்தான். டாக்டரைக் கேட்டோம். போகலாம், ஆனால் முதுகு குலுங்கக் கூடாது என்றார். எங்கள் காரோ குலுங்குவதற்கென்றே பிறந்தது. பின்பக்கத்தை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் ஆடிக்கொண்டிருக்கும். ஷாக் அப்சர்பர் இரண்டும் எண்ணெயைக் கக்கிவிட்டு உயிரை விட்டிருந்தன.

வாடகைக் கார் பேசலாம் என்றால் இவர் ஒப்பவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வாடகைக் காரில் வீடு வந்த வேதனை இவருக்கு இன்னும் மறக்கவில்லை. வழக்கமாகப் போகும் மெக்கானிக் ஷெட்டில் வேலை நிரம்பி வழிந்தது. கல்யாணம் முடிந்துதான் வண்டியைத் தொட முடியும் என்றார்கள். விஷயத்தை ரீட்டாவிடம் போனில் சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "பரவால்ல அண்ணி. அண்ணன் உடம்புதான் முக்கியம். நான் தாய்மாமா கையப் புடிச்சிக்கிட்டு நடந்துக்கறேன்."

வீட்டு ஓனரின் புது டைல்ஸ்

அந்தப் 'பரவால்ல' என்னைத் தூங்க விடவில்லை. மறுநாளே ஸ்பேர்ஸ் கடையில் புது ஷாக் அப்சர்பர் ஒரு ஜோடி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு வாசலில் ஜாக்கியைப் போட்டேன். ஜாக்கி தரையைத் தொடவும் வீட்டு ஓனர் நாராயணப்பா ஓடி வரவும் சரியாக இருந்தது. "பேடம்மா, பேடா! வேணாம்மா! டைல்ஸ் போட்டு மாசம் கூட ஆவல. ஒரு சொட்டு ஆயில் பட்டுச்சுன்னா நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்றார். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பது அவர் வழக்கம். கோபம் வந்தால் மட்டும் நடுவில் தெலுங்கும் வரும்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை மூடியிருந்த பழைய ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றை உருவி வந்து வண்டிக்கடியில் விரித்தேன். விரித்த பிறகுதான் பார்த்தேன். அது நாராயணப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு வைத்த பேனர். கழுத்தில் ரோஜா மாலையோடு கும்பிட்டபடி மல்லாந்து கிடந்தார். திருப்பிப் போடலாம் என்று நான் குனிவதற்குள் பழைய ஷாக் அப்சர்பரிலிருந்து கருப்பு எண்ணெய் சரியாக அவர் மீசைமேல் சொட்டியது. போச்சு, வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து உட்கார்ந்தார். பேனரின் ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தார். நிம்மதியாக எழுந்தார். "என் மூஞ்சி மேலதான பட்டுச்சு? டைல்ஸ் மேல படல இல்ல? ஆகட்டும், நீ வேலயப் பாரும்மா."

அசையாத போல்ட்

மேல் நட் டிக்கிக்குள் இருந்து சுலபமாக வந்துவிட்டது. கீழ் போல்ட்தான் துருவேறி, அச்சோடு அச்சாகப் பிறந்தது மாதிரி உட்கார்ந்திருந்தது. துருவை இளக்கும் எண்ணெய் அடித்தேன், சுத்தியலால் தட்டினேன், ஸ்பேனர்மேல் ஏறியே நின்றேன். அது அசையவில்லை. நானும் லைனில் சேர்ந்த நாளிலிருந்து ஆயிரக்கணக்கில் போல்ட் ஏற்றியிருக்கிறேன். ஒன்றைக்கூடக் கழற்றியதில்லை. வேறு வழியில்லாமல் சுஜாதாவுக்குப் போன் போட்டேன். லைனில் எனக்கு நேர் எதிரே வலதுபக்க ஸ்டேஷனில் நிற்பவள். பேரிகையிலிருந்து ஸ்கூட்டியில் பறந்து வந்தாள்.

வந்தவள் நேராக வலது சக்கரத்துக்குத்தான் போனாள். இடது பக்கம் அவளுக்குக் கை வராது, வலது பக்கம் எனக்கு வராது. ஆளுக்கொரு பக்கம் படுத்துக்கொண்டு ஆளுக்கொரு போல்ட்டோடு மல்லுக்கட்டினோம். பார்த்துக்கொண்டே இருந்த நாராயணப்பாவுக்கே பொறுக்காமல், போர்வெல்லுக்கு வாங்கி மிஞ்சிய இரும்புக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஸ்பேனரின் வாலில் அந்தக் குழாயைச் செருகி, இரண்டு பேரும் சேர்ந்து தொங்கினோம். 'கிரீச்' என்று ஒரு சத்தம். போல்ட் விட்டுக்கொடுத்த வேகத்தில் நாங்கள் இருவரும் பேனரில் நாராயணப்பாவின் தொப்பைமேல் விழுந்தோம். சுஜாதா எழுந்திருக்காமலே வானத்தைப் பார்த்துச் சொன்னாள்: "அக்கா, நம்ம பூட்டி அனுப்பின வண்டிங்கள எல்லாம் எவனோ ஒருத்தன் இப்பிடித்தான கழட்டிக்கிட்டு இருப்பான்? நம்மள என்னா திட்டு திட்டறானோ!"

யானைக்கு முன்னால்

மறுபக்க போல்ட்டும் அதே குழாய்க்குப் பணிய, சாயங்காலத்துக்குள் புதுசு இரண்டும் ஏறிவிட்டன. சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, பின்பக்கத்தை அமுக்கினேன். ஒருதரம் இறங்கி, ஏறி, கப்சிப் என்று நின்றது. எனக்கு வந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. இவரை ஏற்றுவதற்கு முன்னால் ஒரு ஓட்டம் பார்த்துவிடலாம் என்று நானும் சுஜாதாவும் ராயக்கோட்டை ரோட்டில் கிளம்பினோம். வேகத்தடைகளில் வண்டி தாலாட்டுகிற மாதிரி போனது. சானமாவு காட்டு ஓரம் வரும்போதுதான் பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். பிறகு 'டொக் டொக்'. பிறகு நிற்கவே இல்லை.

அங்கே பார்த்தால் வனத்துறைக்காரர்கள் வண்டிகளை மறித்துக்கொண்டிருந்தார்கள். யானைக் கூட்டம் ரோட்டோரப் புதரில் நிற்கிறது, சத்தம் போடாமல் திருப்பிக்கொண்டு போங்கள் என்று சைகை. பைக்கில் வந்தவர்கள்கூட என்ஜினை அணைத்துவிட்டுக் காலால் தள்ளிக்கொண்டு திரும்பினார்கள். நான் மட்டும் முன்னே 'டொக்', பின்னே 'டொக்', முன்னே 'டொக்' என்று திருப்பினேன். சுஜாதா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். காவலர் ஒருவர் ஜன்னலருகே வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "தாயே, யானையே இவ்ளோ சத்தம் போடலம்மா. தள்ளிக்கிட்டாச்சும் போயிருங்க."

மஞ்சள் புள்ளி

நடக்கிற வேகத்தில் உருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். வண்டிக்கடியில் படுத்து டார்ச் அடித்தேன். இடதுபக்கக் கீழ் போல்ட்டில் நான் வைத்த மஞ்சள் பெயிண்ட் புள்ளி பளிச்சென்று தெரிந்தது. போல்ட் மட்டும் விரலால் தொட்டதும் சுற்றியது. எங்கள் லைனில் பழக்கம் அதுதான். போல்ட்டைக் கையால் ஏற்றி மஞ்சள் புள்ளி வைத்தால் என் வேலை முடிந்தது; கடைசி இறுக்கு அடுத்த ஸ்டேஷன் மெஷினின் பொறுப்பு. கை பழக்கத்தில் ஏற்றியது, புள்ளி வைத்தது, தட்டிக்கொண்டு எழுந்துவிட்டது. வீட்டு வாசலில் அடுத்த ஸ்டேஷன் ஏது? சுஜாதா பக்கம் பார்த்தால் அங்கேயும் அதே புள்ளி, அதே ஆட்டம். இவரை ஏற்றிக்கொண்டு போயிருந்தால் என்று நினைத்ததும் அந்தப் பேனர்மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சக்கரம் தரையில் பாரத்தோடு நிற்கும்போதுதான் கீழ் போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். நானும் சுஜாதாவும் அப்படியே இறுக்கினோம். போதுமான இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சொல்லும் டார்க் ரெஞ்சு எங்களிடம் இருந்தது. "இன்னிக்கி நீங்கதான் எங்க அடுத்த ஸ்டேஷன்" என்று அதை நாராயணப்பா கையில் கொடுத்தேன். வேட்டியை மடித்துக் கட்டி, மண்டியிட்டு, மூச்சைப் பிடித்து இழுத்தார். 'டக்' என்றது. ரெஞ்சைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். "அய்யோ, முரிது ஹோய்த்தா? நான் ஒண்ணும் ஒடைக்கலம்மா!"

மாமாவின் புதுக் கோட்டு

புதன்கிழமை விடிந்ததும் இவரைப் பின்சீட்டில் தலையணை வைத்துச் சாய்த்து, நான் ஓட்டினேன். முதல் வேகத்தடை வந்தபோது இவர் கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலையை இறுகப் பிடித்தது கண்ணாடியில் தெரிந்தது. வண்டி இறங்கியது, ஏறியது, அவ்வளவுதான். இவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். கிருஷ்ணகிரி தாண்டியதும் பின்னால் ஏதோ சத்தம் கேட்டு எனக்குப் பகீர் என்றது. காதைக் கொடுத்துக் கேட்டால், குறட்டை. ஆபரேஷனுக்குப் பிறகு அந்த மனுஷன் நோவில்லாமல் தூங்கி அன்றுதான் கேட்கிறேன்.

மத்தூரில் கோயில் வாசலில் தாய்மாமா புதுக் கோட்டு போட்டு, ரீட்டாவின் பக்கத்தில் தயாராக நின்றிருந்தார். இவர் காரிலிருந்து இறங்கினார். இடுப்பில் கை வைக்காமல் நிமிர்ந்து நின்றார். ரீட்டா பூச்செண்டை மாமா கையில் திணித்துவிட்டு ஓடி வந்து அண்ணன் கையைப் பிடித்தாள். பீடம் வரை இருவரும் மெதுவாக நடந்தார்கள். அண்ணன் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு அவள் நடந்ததைப் பார்த்து, வெட்கமில்லாமல் விம்மி அழுதேன். பூச்செண்டும் கையுமாக என் பக்கத்தில் நின்ற மாமா பெருமூச்சு விட்டார். "போவுது விடு. ஆனா ரெண்டு நாளா வீட்ல கண்ணாடி முன்னாடி நடந்து பழகினேன்ம்மா."

பூ வைத்த வண்டி

விருந்து கொஞ்சம் தள்ளி ஒரு மண்டபத்தில். அங்கே போவது பைப் புதைக்கத் தோண்டிப் போட்ட ரோடு. பொண்ணு மாப்பிள்ளைக்கென்று பூ அலங்காரம் செய்த பெரிய வாடகை வண்டி முன்னால் போனது. எங்கள் கிழட்டுக் கார் பின்னால். கொஞ்ச தூரத்திலேயே பெரிய வண்டி நின்றது. ரீட்டா கழற்றிய கல்யாணக் கிரீடமும் கையுமாக இறங்கி, பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களை நோக்கி வந்தாள். பின்னாலேயே மாப்பிள்ளையும், அவருடைய அம்மாவும். ஜன்னலில் குனிந்து சொன்னாள்: "அண்ணி, அந்த வண்டி குடலப் புடுங்குது. நாங்க அண்ணன்கூட இதுலயே வர்றோம். நீங்க எறங்குங்க, இவரு ஓட்டிக்குவாரு."

அண்ணன், தங்கை, மாப்பிள்ளை, சம்பந்தியம்மா என்று நான் பூட்டிய ஷாக் அப்சர்பர்மேல் குடும்பமே தாலாட்டிக்கொண்டு போக, பூ வைத்த பெரிய வண்டியில் ஒற்றை ஆளாக, கூரையில் தலை இடிக்க இடிக்க, ஊரே பார்க்கும்படி ராணி மாதிரி குலுங்கிக்கொண்டு போனேன் நான்.