கேள்வி கேட்டு நிறைத்த குடங்கள்

உலகத்துக்கு என்னென்ன கேடு வந்திருக்கிறது என்பதை நான் முதன்முதலாகக் கேட்டது, தலையில் சும்மாட்டை வைத்துக்கொண்டு ஒரு தண்ணீர் லாரிக்குப் பக்கத்தில் நின்றபோதுதான். பிறகு பிழைப்புக்காகச் சுற்றிய ஊர்களில் உலகத்தின் கேடுகளைப் பேசும் கூட்டங்கள் சிலவற்றைப் பார்த்துவிட்டேன். எதிலும் அன்றைக்குப் போல யாரும் கேள்வி கேட்டதில்லை.

எங்கள் ஊர் பரளச்சிப் பக்கம். நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த கோடை அது. இரண்டு வருசமாக மழை சரியில்லை. ஊர்க்கிணறு உப்பாகிவிட்டது, குழாயில் தண்ணீர் வந்து நாளாகியிருந்தது. அப்பா மிளகாய் போடுவதை விட்டுவிட்டு, சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுக்கொண்டிருந்தார். இதையெல்லாம் கஷ்டம் என்று வீட்டில் யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அப்போது ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்து பள்ளிக்கூட வாசலில் பந்தல் போட்டார்கள். வறுமை, வேலையின்மை, பூமி சூடாவது என்று உலகப் பிரச்சினைகளை ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவர்கள். வருகிறவர்கள் குடிக்கவும் வீட்டுக்குப் பிடித்துப் போகவும் அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு லாரித் தண்ணீரும் கொண்டுவந்திருந்தார்கள். லாரியைப் பார்த்ததும் பந்தல் நிறைந்துவிட்டது.

லாரிக்கு ஒரே குழாய், அதுவும் மெல்லத்தான் ஊற்றியது. டிரைவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். “மீட்டிங் முடியிற வரைக்கும்தான் நிக்கச் சொல்லியிருக்காக. முடிஞ்சதும் வண்டி கெளம்பிரும். அடுத்த லோடு மல்லாங்கிணத்துக்கு.”

குடங்களின் வரிசை பள்ளிக்கூடச் சுவரைச் சுற்றித் திரும்பியிருந்தது. அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய்விட்டு அம்மா திரும்ப நேரமாகிவிட்டதால் எங்கள் குடங்கள் கடைசியில் நின்றன. அம்மாவுக்கு வாய் அதிகம் என்பது ஊரின் தீர்ப்பு. அன்றைக்கு அந்த வாய் ஊருக்கே தேவைப்பட்டது.

“யக்கா, ஊர் வம்பையெல்லாம் இழுத்து இழுத்துப் பேசுவியே, இன்னைக்கு அந்த மைக்குக்காரப் பொண்ணுகிட்டப் பேசேன். லாரி நிக்கட்டும்” என்றாள் பக்கத்து வீட்டுச் சித்தி.

அம்மா குடத்துக்கு அடியில் வைக்கும் துணிச் சும்மாட்டைச் சுருட்டி என் தலையில் வைத்தாள். “நம்ம கடைசிக் கொடம் நெறையிற வரைக்கும் இது தலையில இருக்கட்டும். நெறைஞ்சதும் கழட்டு. நான் அங்கனயிருந்து பாத்துக்கிடுவேன்.”

பேச வந்தது சென்னையிலிருந்து வந்த ஒரு இளம்பெண். வேர்வையைத் துடைத்துத் துடைத்துப் பூமியின் சூட்டைப் பற்றிப் பேசி முடித்து, யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டார். வழக்கமாக யாரும் கேட்பதில்லை போலிருக்கிறது. கை மைக்கை அணைக்கப் போய்விட்டது. அம்மா எழுந்தாள்.

“ஏந்தாயி, பொகையினாலதான் பூமி சூடாகுதுன்னீக. எங்க வீட்ல அவுக கரிமூட்டம் போடுறாக. அந்தப் பொகையுமா வானம் வரைக்கும் போகுது?”

அந்தப் பெண் மைக்கை மறுபடி உயர்த்தினார். பிறகு தொழிற்சாலை, கார், விமானம் என்று விரிவாக விளக்கினார். நாலைந்து குடங்கள் நிறைந்தன.

“அப்ப ஏரோப்பிளேன்ல போறவுகளுக்கும் இந்த மீட்டிங் போடுவீகளா?”

“அங்கேயும் பேசுறோம்மா.”

“அங்கயும் லாரியில தண்ணி குடுப்பீகளா?”

பந்தல் சிரித்தது. முன்வரிசையில் இருந்த மாமா ஒருவர் எரிச்சலோடு திரும்பினார். “ஏத்தா, ஒக்காரு. கலெக்டருக்கா படிக்கப் போற?”

“மாமா, ஒங்க வீட்டுக் கொடம் நெறைஞ்சிருச்சான்னு எட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

மாமா எட்டிப் பார்த்தார். அடுத்த கேள்வியை அவரே கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் அந்தப் பெண் கடலைப் பற்றிச் சொன்னார். கடல் ஏறி வந்து கரையோர ஊர்களை எடுத்துக்கொள்கிறதாம், சனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புகிறார்களாம். தண்ணீர் அதிகமாகி ஊரைவிட்டுப் போகிறவர்களை நினைத்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

எங்கள் கடைசிக் குடம் நிறைந்தது. சும்மாட்டைக் கழற்றினேன். அம்மா பார்த்தாள், ஆனால் உட்காரவில்லை. மறுபடி தலையில் வைத்து, நன்றாகத் தெரியும்படி மறுபடி கழற்றினேன். குடம் நிறைந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். டிரைவரும் பொறுமையிழந்து குழாயைச் சுருட்டி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். புழுதி அடங்கியபோது பந்தலில் பாதி ஆள் இல்லை. அம்மா நின்றபடியே கேட்டாள்.

“கடலு வந்து கெளம்புன சனத்த, போற எடத்துல வச்சுக்கிடுறாகளா தாயி?”

அந்தப் பெண் மைக்கைக் கீழே இறக்கினார். “சில இடத்துல வச்சுக்கிறாங்கம்மா. பல இடத்துல இல்ல.”

“பிள்ளைகளப் பள்ளிக்கூடத்துல சேத்துக்கிடுவாகளா?”

அதற்கு அவர் பதில் சொன்னாரா என்று நான் கவனிக்கவில்லை. ஓடிப்போய் அம்மாவின் சேலையை இழுத்தேன். “எம்மா, லாரி போயிருச்சு. இன்னும் எதுக்குக் கேக்குற?”

“கேட்டா என்ன” என்று சொல்லிவிட்டு அம்மா குடத்தைத் தூக்க வந்தாள்.

லாரி போனதுகூடத் தெரியாமல் அம்மா பேசிக்கொண்டிருந்த கதையைச் சாயங்காலம் அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன். கைக்கரியைக் கழுவ எழுந்தவர் சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா குடத்து வாயைத் தட்டால் மூடிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டு திருப்பூர் பஸ்ஸில் ஏறினோம். ஜன்னலோரம் இடம் கிடைத்ததில் எனக்கு ஒரே சந்தோஷம். பக்கத்துச் சீட்டுக்காரர்கள் வலிய வந்து பேச்சுக் கொடுத்தும் அம்மா வழியெல்லாம் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ் ஏறினால் அவளுக்குத் தலை சுற்றும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.